சாயப்பட்டறைகளை வழிக்குக் கொண்டுவந்த ஆயக்கட்டு விவசாயிகள்

குன்றாண்டார்கோவில் வட்டாரத்துக் குளங்களும் கண்மாய்களும் மழையை நம்பியே இருக்கின்றன. காகித ஆலைகளுக்காக வளர்க்கப்படும் தைலமரத் தோப்புகளின் வரப்புகள் மழைத் தண்ணீரை மறிக்கின்றன என்பது புதுக்கோட்டை விவசாயிகளின் நெடுநாள் குறை. "பெரிய நிறுவனத்தை நாம் என்ன செய்ய முடியும்?" என்று ஓய்ந்துவிடுபவர்கள் நொய்யல் விவசாயிகளின் அனுபவத்தை அறிவது நல்லது.

நொய்யல் ஆறு வெள்ளியங்கிரி மலையில் தோன்றி, திருப்பூர் வழியாகச் சென்று காவிரியில் கலக்கிறது. சென்னிமலை அருகே ஒரத்துப்பாளையத்தில் 1992ல் கட்டிய அணை, சுமார் 20,000 ஏக்கருக்குப் பாசனம் தர வேண்டியது. ஆனால் பனியன் துணிக்குச் சாயமேற்றும் பட்டறைகளின் கழிவுநீரே அதில் தேங்கியது. சாயம் பிடிக்க உப்பு ஏராளமாகச் சேர்ப்பார்கள். அந்த உப்பு கிணறுகளில் இறங்கியது, நிலம் உவரானது. "அணையைத் திறக்காதீர்கள்" என்று விவசாயிகளே சொல்லும் நிலை வந்தது.

நொய்யல் ஆயக்கட்டுதாரர்கள் சங்கமாகச் சேர்ந்து சென்னை உயர்நீதிமன்றம் சென்றனர். கழிவை ஒரு சொட்டுகூட ஆற்றில் விடக்கூடாது என்று 2006 டிசம்பரில் உத்தரவாயிற்று. அது நிறைவேறாததால், 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூட நீதிமன்றம் ஆணையிட்டது.

அதன் பிறகே பட்டறைகளின் போக்கு மாறியது. இன்று கழிவுநீரைச் சுத்திகரித்து, சவ்வு வழியே வடிகட்டி, மிச்சத்தைக் காய்ச்சி உப்பைப் பிரிக்கிறார்கள். தண்ணீரின் பெரும்பகுதியும் உப்பும் மீண்டும் சாயமேற்றவே பயன்படுகின்றன. செலவு அதிகம்தான். ஆனால் துணி வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனிகளும் தங்கள் வாடிக்கையாளர்களுக்கு அஞ்சி, கழிவு எங்கே போகிறது என்று கேட்கின்றன. முன்பு வீண் செலவு என்று ஒதுக்கியதையே இன்று திருப்பூர் தன் பெருமையாகச் சொல்லி வியாபாரம் செய்கிறது. திருட்டுத்தனமாகக் கழிவு விடுவதாகப் புகார்கள் இன்னும் வருகின்றன. ஆகவே கண்காணிப்பு ஓயக் கூடாது.

நமக்கு இதில் பாடம் உண்டு. தனி ஆள் மனு கொடுத்தால் அது காகிதம். ஆயக்கட்டு முழுவதும் சேர்ந்தால் அது வழக்கு. குளத்துக்கு வரும் வாரிகள் எங்கெங்கே மறிபட்டுள்ளன என்று சர்வே எண்ணோடு குறித்து வையுங்கள். கிணற்று நீர்மட்டத்தை மாதம் ஒருமுறை அளந்து நோட்டில் எழுதுங்கள். ஆகஸ்டு 15, அக்டோபர் 2 கிராம சபைகளில் தீர்மானம் போடுங்கள். நஷ்டத்தைக் கணக்கோடு காட்டினால்தான் நிறுவனங்கள் காது கொடுக்கும்.