செம்மண் மேட்டில் ஓர் இளைப்பாறல்

இராமநாதபுரம் சீமை என்றதும் வெயிலும் பனைமரமும் வற்றிய கண்மாயும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. அந்தச் சீமையில், தொண்டிக்கு வடக்கே, பாம்பாற்றின் கரையில் ஓரியூர் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. அங்கே ஒரு மணல் மேடு. அதன் மண் சிவப்பு. 1693-ஆம் ஆண்டு பிப்ரவரி 4-ந் தேதி அருளானந்தர் சிந்திய இரத்தத்தால் சிவந்தது என்பது ஊராரின் நம்பிக்கை.

அருளானந்தரின் சொந்தப் பெயர் ஜான் டி பிரிட்டோ. 1647-இல் லிஸ்பன் நகரில் உயர்குடியில் பிறந்தவர். அரண்மனையில் இளவரசர் பெட்ரோவுடன் வளர்ந்தவர். 15-வது வயதில் சேசு சபையில் சேர்ந்தார். 1673-இல் இந்தியாவுக்குக் கப்பலேறினார்.

மதுரை மிஷனில் அவருக்கு முன்பு ராபர்ட் டி நொபிலி சந்நியாசிக் கோலத்தில் வாழ்ந்தார். அருளானந்தர் ஏற்றதோ பண்டாரக் கோலம். ஏன் தெரியுமா? தாழ்ந்தவர்கள் என்று ஒதுக்கப்பட்ட ஏழைகளின் குடிசைக்கும் பண்டார சுவாமி போகலாம்! அரண்மனைப் பிள்ளை காவியுடுத்து, மரக்கறி உண்டு, தரையில் படுத்தார்.

1686-இல் பிடிபட்டுச் சித்திரவதைக்கு ஆளானார். மறவர் நாட்டில் போதிக்கலாகாது என்று சொல்லி விடுதலை செய்தார்கள். பிறகு போர்ச்சுகல் சென்றார். அப்போது அரசராகிவிட்ட பழைய தோழர் பெட்ரோ, அவரை அங்கேயே இருத்திக்கொள்ள விரும்பினார். களைத்த உடம்புக்கு வேறென்ன வேண்டும்? ஆனால் அவர் 1690-இல் மறுபடியும் இந்தியாவுக்கே வந்தார்!

பாரம் சுமப்பவர்களை இளைப்பாற அழைத்த இயேசுநாதர், கூடவே தம் நுகத்தையும் ஏற்கச் சொன்னார். நுகம் பூண்ட மாட்டுக்கு ஓய்வேது என்று நாம் கேட்கலாம். 'நான்' என்ற பாரத்தை இறக்கினவனுக்கு நுகம் கனப்பதில்லை போலும்.

அரசுரிமை கோரக்கூடிய தடியத் தேவர் ஞானஸ்நானம் பெற்று, ஒரு மனைவியைத் தவிர மற்றவர்களை விலக்கினார். விலக்கப்பட்டவர்களில் ஒருத்தி சேதுபதியின் உறவுப்பெண். கிழவன் சேதுபதியின் கோபம் மூண்டது. அருளானந்தர் ஓரியூருக்கு அனுப்பப்பட்டார். சிறையில் கரியைக் கரைத்து மையாக்கி அவர் எழுதிய கடைசிக் கடிதத்தில் புலம்பல் இல்லை. சாவை ஆவலோடு எதிர்பார்ப்பதாகவே எழுதினார். 1947-இல் பன்னிரண்டாம் பத்திநாதர் அவருக்குப் புனிதர் பட்டம் அளித்தார்.

நாம் போயிருந்த அன்று ஒரு மூதாட்டி அந்தச் செம்மண்ணை முந்தானையில் முடிந்துகொண்டிருந்தாள். நெற்றியில் திருநீறு!

"இதனால் நோய் தீருமா, ஆத்தா?" என்று கேட்டோம்.

"தீந்தா நல்லதுதான் தம்பி. தீராட்டியும் என்ன? இங்கன வந்து செத்த உக்காந்தா மனசுல உள்ள பாரம் எறங்குது" என்றாள்.

பஸ்ஸுக்கு நேரமாகிறதென்று நாம் கைக்கடிகாரத்தைப் பார்த்தோம். அவளோ அவசரமின்றி மணலில் சாய்ந்து உட்கார்ந்தாள்.