அன்னிய வீட்டில் முதல் நாள்: லண்டனில் தாகூரும் காந்தியும்

புதுதில்லி: ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் தில்லி இந்திரா காந்தி சர்வதேச விமான நிலையத்தின் புறப்பாடு வாயிலில் இரவு நேரத்தில் நின்றால், ஒரே காட்சி மீண்டும் மீண்டும் நடப்பதைக் காணலாம். பலமுறை எடை பார்த்துக் கட்டிய பெட்டி, அதன் இடுக்கில் ஊறுகாய் பாட்டில், கண்ணீரை அடக்கிக்கொண்டு நிற்கும் தாய், கடைசி நிமிடம் வரை அறிவுரை கூறும் தந்தை. வெளியுறவு அமைச்சகத்தின் கணக்குப்படி 2024-ம் ஆண்டில் வெளிநாடுகளில் பயின்ற இந்திய மாணவர்களின் எண்ணிக்கை 13 லட்சத்துக்கும் அதிகம்.

இவர்களில் சிலர் விடுதியையோ வாடகை வீட்டையோ நாடாமல், அந்நாட்டுக் குடும்பம் ஒன்றின் வீட்டில் தங்கிப் படிக்கின்றனர். ஓர் அறை, காலையும் இரவும் உணவு, அதற்கான கட்டணம் என்பது பொதுவான ஏற்பாடு. கேட்பதற்கு எளிதாகத் தோன்றும் இந்த ஏற்பாட்டில்தான், பசித்தால் வாய்விட்டுக் கேட்கலாமா என்பது போன்ற, பாடப் புத்தகத்தில் இல்லாத கேள்விகள் எழுகின்றன.

இக்கேள்விகள் புதியவை அல்ல. நவீன இந்தியாவை உருவாக்கியவர்களில் முதன்மையான இருவர், மாணவப் பருவத்தில் இதே கேள்விகளுடன் லண்டன் வீடுகளில் திகைத்து நின்றவர்கள். அந்த அனுபவத்தை இருவரும் பிற்காலத்தில் ஒளிவுமறைவின்றி எழுதி வைத்துள்ளனர்.

வீட்டை விட்டு ஓடிய பெண்கள்

ரவீந்திரநாத் தாகூர் 1878-ம் ஆண்டு இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறியபோது அவருக்கு வயது 17. சின்னஞ்சிறிய அந்தத் தீவின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை கவிஞர் டென்னிசனின் பாடலும் கிளாட்ஸ்டனின் சொற்பொழிவும் எதிரொலித்துக் கொண்டிருக்கும் என்று அவர் எண்ணியிருந்தார். ஆனால், ஆண்கள் தத்தம் அலுவலிலும் பெண்கள் உடை அலங்காரத்திலும் மூழ்கியிருப்பதைக் கண்டு ஏமாற்றமடைந்ததாக, ஊருக்கு எழுதிய கடிதங்களில் அவர் குறிப்பிட்டார். அக்கடிதங்கள் 1881-ல் வங்க மொழியில் நூலாக வெளிவந்தன.

பிரைட்டன் நகரில் சிறிது காலம் இருந்தபின் லண்டன் சென்ற அவர், ரீஜண்ட் பூங்காவுக்கு எதிரே ஒரு அறையில் துணையின்றித் தங்கினார். பின்னர் டாக்டர் ஸ்காட் என்பவரின் இல்லத்தில் இடம் கிடைத்தது. பெட்டியுடன் ஒரு மாலைப் பொழுதில் அங்கு போய்ச் சேர்ந்தபோது வீட்டில் இருந்தவர்கள் நரைத்த தலையுடைய டாக்டர், அவருடைய மனைவி, மூத்த மகள் ஆகியோர் மட்டுமே. இந்தியர் ஒருவர் வரப்போகிறார் என்ற அச்சத்தில் இளைய மகள்கள் இருவரும் உறவினர் வீட்டுக்குச் சென்றுவிட்டனர். வந்தவரால் ஆபத்து ஏதுமில்லை என்ற செய்தி கிடைத்த பிறகே அவர்கள் வீடு திரும்பினர்.

விருந்தினர் மட்டுமே அஞ்சுகிறார், வீட்டார் அஞ்சுவதில்லை என்று நினைப்பது தவறு என்பதற்கு இந்நிகழ்ச்சி சான்று. அஞ்சி ஓடிய அதே குடும்பத்தில் தாகூர் விரைவிலேயே ஒருவராகிவிட்டார். திருமதி ஸ்காட் அவரை மகனைப் போலவே பேணினார். பணி முடிந்து வரும் கணவருக்காகக் கணப்பு அருகே காலணியைத் தயாராக எடுத்து வைக்கும் அந்த அம்மையாரின் பரிவைக் கண்டு, குடும்பப் பாசம் இந்தியாவுக்கு மட்டும் உரியதன்று என்பதைத் தாம் உணர்ந்ததாகத் தாகூர் பின்னர் எழுதினார்.

1880-ல் தந்தையின் அழைப்பை ஏற்றுப் பட்டம் பெறாமலேயே அவர் ஊர் திரும்பினார். விடைபெறும் வேளையில் திருமதி ஸ்காட் அவருடைய கைகளைப் பற்றிக்கொண்டு, இவ்வளவு விரைவில் போவதானால் எங்களிடம் ஏன் வந்தாய் என்ற பொருள்படக் கேட்டு அழுததாக அவர் தமது நினைவுக் குறிப்புகளில் பதிவு செய்துள்ளார்.

கேட்கத் தயங்கிய ரொட்டித் துண்டு

பத்தாண்டுகளுக்குப் பின், 1888-ம் ஆண்டு செப்டம்பர் 4-ம் தேதி பம்பாயிலிருந்து சட்டம் பயிலப் புறப்பட்டார் மோகன்தாஸ் காந்தி. வயது 19 நிறைவடைய ஒரு மாதம் இருந்தது. மதுவையும் மாதரையும் மாமிசத்தையும் தொடுவதில்லை என்று தாய் புத்லிபாய்க்கு வாக்குறுதி அளித்த பிறகே அவருக்கு அனுமதி கிடைத்தது.

கப்பலில் இருந்து இறங்குவதற்கென்றே பத்திரப்படுத்தி வைத்திருந்த வெள்ளை நிற உடையை அவர் அணிந்துகொண்டார். குளிர் தொடங்கிவிட்ட அந்நாட்டில் வெள்ளை உடையில் நின்றவர் அவர் ஒருவர்தான். பெட்டிகளும் சாவியும் முகவரிடம் இருந்தன. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை என்பதால் உடையை உடனே மாற்றவும் வழியில்லை.

அன்று மாலை ஓட்டலில் அவரைக் காண வந்த டாக்டர் பிராண்ஜீவன் மேத்தாவின் உயரமான தொப்பியை எடுத்து அதன் மென்மயிரைத் தவறான திசையில் காந்தி தடவினார். அந்நாட்டு ஒழுக்கத்தின் முதல் பாடம் அங்கேயே நடந்தது. பிறர் பொருளைத் தொடக்கூடாது, முதல் சந்திப்பிலேயே சொந்த விஷயங்களைக் கேட்கக்கூடாது, உரக்கப் பேசக்கூடாது என்று மேத்தா எடுத்துரைத்தார். ஓட்டலில் தங்குவது செலவு மிகுந்தது, குடும்பம் ஒன்றுடன் தங்குவதே நல்லது என்றும் ஆலோசனை கூறினார்.

ரிச்மண்டில் நண்பர் ஒருவருடன் தங்கிப் பழகிய பின்னர், மேற்குக் கென்சிங்டனில் ஆங்கிலோ இந்தியர் ஒருவரின் வீட்டில் காந்திக்கு இடம் பார்க்கப்பட்டது. வீட்டுத் தலைவி ஒரு விதவை. அவருக்கு இரு மகள்கள். தமது விரதத்தை முதலிலேயே காந்தி தெரிவித்துவிட்டார். அம்மையாரும் கவனித்துக் கொள்வதாக உறுதியளித்தார். ஆனால் மாமிசம் இல்லாத சமையலில் அந்த வீட்டினருக்குப் பழக்கமில்லை. உப்பும் மசாலாவும் இல்லாமல் வேகவைத்த காய்கறி நாவுக்குப் பிடிக்கவில்லை. மேலும் ரொட்டி கேட்கக் கூச்சம். பெண்கள் இருவரும் வற்புறுத்தி ஒன்றிரண்டு துண்டுகளை அதிகமாக வைப்பார்கள். முழு ரொட்டி ஒன்று இருந்தால்தான் தமது பசி அடங்கும் என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும் என்று 'சத்திய சோதனை'யில் அவர் எழுதுகிறார்.

பசியுடன் தினமும் பல மைல் நடந்து சைவ உணவு விடுதியைத் தேடிய அவர், ஒரு நாள் ஃபாரிங்டன் தெருவில் அதைக் கண்டுபிடித்தார். இங்கிலாந்து வந்தபின் வயிறார உண்ட முதல் உணவு அது. அங்கு விற்பனைக்கு வைக்கப்பட்டிருந்த ஹென்றி சால்ட்டின் நூலையும் வாங்கினார். தாய்க்காகக் காத்துவந்த விரதம், அந்நூலைப் படித்தபின் அவருடைய சொந்தக் கொள்கையாக மாறியது. பிற்காலத்தில் மசாலா இல்லாத கீரையே அவருக்குச் சுவைத்தது. சுவை நாவில் இல்லை, மனத்தில்தான் இருக்கிறது என்ற முடிவுக்கு அவர் வந்தார்.

மாறியவை, மாறாதவை

இன்று நிலைமை வேறு. ஊரிலிருந்து கடிதம் வர வாரக்கணக்கில் காத்திருக்கத் தேவையில்லை. கைப்பேசியில் தாயின் முகத்தை நினைத்த நேரத்தில் காணலாம். சைவ உணவு பெரும்பாலான நகரங்களில் கிடைக்கிறது. ஆயினும் முதல் வாரத்தின் தயக்கத்தை எந்தக் கருவியும் போக்கிவிடவில்லை. சமையலறைக் கதவைத் திறக்கலாமா என்ற சந்தேகம் அவரவர் தாமே கேட்டுத் தீர்த்துக்கொள்ள வேண்டியதாகவே இருக்கிறது.

அதற்கு அவ்விரு மாணவர்களின் அனுபவமே வழிகாட்டி. உண்ணாதவை எவை என்பதை முதல் நாளே கூறிய காந்தி, பசிக்கிறது என்பதைக் கூறத் தவறினார். கூறியிருந்தால் கொடுக்க அந்தப் பெண்கள் ஆயத்தமாகவே இருந்தனர். அஞ்சி வெளியேறியவர்கள் திரும்பி வரும்வரை பொறுத்திருந்த தாகூருக்கு இன்னொரு தாய் கிடைத்தார்.

1891-ம் ஆண்டு ஜூன் மாதம் வழக்கறிஞராகப் பதிவு பெற்றுக் காந்தி நாடு திரும்பினார். கொடுத்த வாக்கைக் காப்பாற்றிவிட்டேன் என்று தாயிடம் கூறும் ஆவலுடன் வந்தவருக்கு, பம்பாயில் அவருடைய அண்ணன் ஒரு செய்தியைச் சொல்ல வேண்டியிருந்தது. அன்னிய நாட்டில் தம்பி மனமுடைந்து விடக்கூடாது என்பதற்காகக் குடும்பத்தார் மறைத்து வைத்திருந்த செய்தி அது. மகன் இங்கிலாந்தில் இருந்தபோதே புத்லிபாய் காலமாகிவிட்டார்.