ஃபெயில்ஓவர் முடிந்ததும் காணாமல் போகும் எண்கள்

போன மாசம் ஒரு ராத்திரி பிரைமரி சர்வர் விழுந்துபோச்சு. ஆலங்குடி வீட்டில் உட்கார்ந்தபடியே ரெப்ளிகாவை பிரைமரியாக்கினேன். காலையில் பார்த்தால் எந்த டேபிளிலும் டெட் டியூப்பிளே இல்லை, எல்லாம் 0. அட, இவ்வளவு சுத்தமா இருக்கேன்னு ஒரு நிமிஷம் சந்தோஷப்பட்டேன். ரெண்டு வாரத்தில் டேபிள்கள் ஊதி, குவெரிகள் இழுக்க ஆரம்பித்தன.

போஸ்ட்கிரெஸில் 'புள்ளிவிவரம்' என்ற ஒரே பேரில் இரண்டு சங்கதிகள் இருக்கின்றன. பிளானர் பார்க்கும் விவரங்கள் (எந்த மதிப்பு அடிக்கடி வருது, எத்தனை தனி மதிப்புகள்) சாதாரண டேபிளில் இருப்பவை. அவை வாலில் எழுதப்பட்டு ரெப்ளிகாவுக்கும் போய்ச் சேரும். அதனால் ஃபெயில்ஓவருக்குப் பிறகும் பிளான்கள் மாறுவதில்லை.

மற்றது, நடந்ததை எண்ணிக்கொண்டே வரும் கவுன்ட்டர்கள். 2022இல் வந்த 15ஆம் பதிப்பு முதல் இவை ஷேர்டு மெமரியில் இருக்கின்றன. அதற்கு முன்பு தனி பிராசஸ் வைத்திருந்தது. எப்படியானாலும் ரெப்ளிகாவுக்கு இவை போவதே இல்லை. மளிகைக்கடைக் கணக்கு நோட்டை நகல் எடுத்துக் கொடுத்தாலும், உளுந்து மூட்டை தீரப்போகுதுன்னு முதலாளி மனசில் வைத்திருப்பது அதில் வராது இல்லையா, அந்த மாதிரி.

பிரச்சினை என்னவென்றால், ஆட்டோவேக்குவம் நம்பியிருப்பது இந்தக் கவுன்ட்டர்களைத்தான். 1 கோடி வரிசை உள்ள டேபிளில், இயல்பான அமைப்பின்படி, 20 சதவீதமும் கூட ஒரு 50ம், அதாவது சுமார் 20 லட்சம் கழிவு சேர்ந்தால்தான் அது எழுந்திருக்கும். 19 லட்சம் சேர்ந்த நேரத்தில் ஃபெயில்ஓவர் ஆனால்? புது பிரைமரி 0இலிருந்து எண்ணும். முன்பே சேர்ந்த 19 லட்சம் குப்பை அதன் கணக்கிலேயே இருக்காது. (டிரான்சாக்ஷன் ஐடி சுற்றிவருவதைத் தடுக்கும் வேக்குவம் மட்டும் தப்பிக்கும், அதற்கு வேண்டிய வயது கேட்டலாகிலேயே இருக்கு.)

தீர்வு சின்னது. ரெப்ளிகா படிக்க மட்டும் என்பதால் முன்கூட்டியே செய்ய முடியாது. பிரைமரியானதும் எல்லா டேபிளுக்கும் ஒரு முறை அனலைஸ் ஓட்டணும். அது மாதிரி எடுக்கும்போதே கழிவு வரிசைகளையும் மதிப்பிட்டுக் கவுன்ட்டரில் போட்டுவிடும், ஆட்டோவேக்குவம் விழித்துக்கொள்ளும். இப்போது என் ஸ்கிரிப்டில் அது கடைசி வரி.

இன்னொன்று. இன்டெக்ஸ் ஸ்கேன் எண்ணிக்கையும் இதே ரகம்தான். ஃபெயில்ஓவர் ஆன மறுநாள் ஒரு இன்டெக்ஸில் 0ன்னு பார்த்து, 'யாரும் தொடலை' என்று டிராப் பண்ணிடாதீங்க. புது பிரைமரி நேற்றுவரை ரெப்ளிகாவாகத் தனக்கு வந்த குவெரிகளைத்தான் எண்ணியிருக்கும்.