சறுக்கும் முன் கீழே பாருங்கள்

ரொறன்ரோவில் பனி கொட்டி ஓய்ந்தால் போதும், மறுநாள் பூங்கா மேடுகளெல்லாம் பிள்ளைகளின் ஆரவாரம்தான். நம் வீட்டுப் பிள்ளைகளும் ஸ்லெட்டைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். ஓடட்டும். ஆனால், கிணற்றில் எந்தப் பக்கம் கல் துருத்திக்கொண்டு நிற்கும் என்று எச்சரிக்கத் தெரிந்த அப்பா அம்மா பலருக்குப் பனிமேட்டில் எதைப் பார்க்க வேண்டும் என்று தெரிவதில்லை. அவர்கள் பனியைக் கண்டதே வளர்ந்த பிறகுதான்.

பார்க்க வேண்டியது சரிவு முடிகிற இடத்தை. 1997 முதல் 2007 வரை அமெரிக்க மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுகளுக்கு வந்த சறுக்கல் காயங்களை அலசிய ஆய்வு, 2010இல் ‘பீடியாட்ரிக்ஸ்’ இதழில் வெளியானது. ஆண்டுக்குச் சராசரியாக 20,000க்கும் மேற்பட்ட சிறுவர் சிறுமியர் காயப்பட்டிருந்தார்கள். அவர்களில் பாதிப் பேருக்கு அடிபட்டது எதிலாவது மோதியதால்.

ஸ்லெட்டாகப் பயன்படுத்தும் வட்டமான பிளாஸ்டிக் தட்டைக் கவனித்திருக்கிறீர்களா? அதைத் திருப்பவும் முடியாது, நிறுத்தவும் முடியாது. பாதி வழியில் சுழன்று, பிள்ளையின் முதுகை முன்னால் திருப்பிவிடும். எதிரே மரம் வருவது அந்தப் பிள்ளைக்குத் தெரியவே தெரியாது. குப்புறப் படுத்துத் தலை முன்னால் இருக்கச் சறுக்குவது இன்னும் மோசம். முதலில் மோதுவது மண்டைதான்.

2024 ஜனவரியில் ரொறன்ரோ மாநகராட்சி 45 மேடுகளில் சறுக்கத் தடை விதித்தபோது பெற்றோர் பலர் கொதித்தார்கள். காலங்காலமாக விளையாடிய இடமாயிற்றே! அந்தக் கோபம் நியாயமானதுதான். ஆனாலும் மரங்கள், படிகள், பெஞ்சுகள் என்று மாநகராட்சி சொன்ன காரணங்களைத் தள்ளிவிட முடியாது. எந்த மேட்டுக்குப் போனாலும் முதலில் நீங்கள் அடிவரை நடந்து பாருங்கள். வேலி, கம்பம், வாகன நிறுத்தம், உறைந்த குளம் இவற்றில் ஒன்று இருந்தாலும் வேறு மேடு தேடுங்கள்.

பனிச்சறுக்கு அல்லது ஹாக்கி ஹெல்மெட் கட்டாயம். கால் முன்னால் நீட்டி உட்கார வேண்டும். ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களைத் தனியே விடக் கூடாது. கழுத்தில் நீளச் சால்வை வேண்டாம். எதிலாவது சிக்கி இறுக்கிவிடும். ஸ்லெட்டைக் காரின் பின்னால் கட்டி இழுப்பதை யார் செய்தாலும் தடுத்து நிறுத்துங்கள். பருத்தி உள்ளாடை ஈரத்தைப் பிடித்து உடம்பைக் குளிர வைக்கும், கம்பளி நல்லது. மூக்கிலோ கன்னத்திலோ தோல் வெளுத்தால் தேய்க்காமல், உடனே உள்ளே அழைத்துப் போய் மெல்லச் சூடேற்றுங்கள்.

தலையில் அடிபட்ட பிள்ளை “ஒண்டுமில்லை அம்மா” என்று சொன்னாலும் அன்றைக்கு மறுபடி ஏற விடாதீர்கள். வாந்தி, குழப்பம், அசாதாரணத் தூக்கம், கூடிக்கொண்டே போகும் தலைவலி தெரிந்தால் அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள். கழுத்து வலிக்கிறது என்றால் தூக்கி நிறுத்த வேண்டாம். அசைக்காமல் அப்படியே வைத்து 911ஐ அழையுங்கள்.