மூக்குச் சத்திரசிகிச்சையும் நித்திரை மூச்சுத்தடையும்

நித்திரையில் மூச்சு நின்று நின்று வரும் 'சிலீப் அப்னியா' உள்ள நம்மவர் பலர், வளைந்த மூக்கின் நடுச்சுவரைச் சீர்செய்தால் சிபாப் இயந்திரத்தைக் கட்டி வைத்துவிடலாம் என்று நினைப்பதுண்டு. பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. தடை உண்டாவது தொண்டைப் பகுதியில். ஆனால் இயந்திரத்தைப் போட்டுக்கொண்டு படுப்பது இலகுவாகும்.

முதல் சில இரவுகளில்தான் கவனம் வேண்டும். மூக்கு வீங்கி அடைத்திருக்கும். கோடீன் போன்ற வலிமருந்துகளும் நித்திரைக் குளிசைகளும் மூச்சை மந்தமாக்கும். (பார்க்க வருபவர் அன்போடு நீட்டும் விஸ்கியும்தான்!) ஆகவே மயக்கமருந்து வைத்தியரிடம் நமது வருத்தத்தை முன்கூட்டியே சொல்லிவிடுவோம். இயந்திரத்தை மீண்டும் எப்போது போடலாம், வாயையும் சேர்த்து மூடும் முகமூடி தேவையா என்றும் கேட்டு வைப்போம்.

தலையை உயர்த்திப் படுக்கவும். மூக்குச் சீற வேண்டாம். வீட்டார் ஒருவர் அதே அறையில் படுப்பது நல்லது. தட்டி எழுப்பியும் எழும்பாவிட்டால் உடனே அம்புலன்சை அழையுங்கள்.