விலை குறைந்தது, கோபம் ஏறியது

விலையை ஏற்றினால் வாடிக்கையாளர் கோபிப்பார். இது நாம் அறிந்ததே. விலையைக் குறைத்து வாங்கிக் கட்டிக்கொண்ட நிறுவனமும் உண்டு.

அமெரிக்காவின் ஆப்பிள் நிறுவனம் 2007 ஜூன் 29 அன்று தனது முதல் ஐபோனை விற்பனைக்குக் கொண்டு வந்தது. 8 ஜிபி போனின் விலை 599 டாலர். ஜனங்கள் கடை வாசலில் வரிசையில் நின்று வாங்கினார்கள். செப்டம்பர் 5 அன்று அதே போன் 399 டாலர் என்று அறிவிப்பு வந்தது. இரண்டு மாதம் சொச்சத்தில் 200 டாலர் இறக்கம்!

புதிதாக வாங்க வந்தவர்களுக்கு மகிழ்ச்சி. நம்பி முதலில் வாங்கியவர்களோ கொதித்துப் போனார்கள். நிறுவனத் தலைவர் ஸ்டீவ் ஜாப்ஸுக்கு நூற்றுக்கணக்கில் மின்னஞ்சல்கள் குவிந்தன. மறுநாளே அவர் பகிரங்கக் கடிதம் எழுதினார். விலையைக் குறைத்தது சரிதான் என்றார். ஆனாலும் வருத்தம் தெரிவித்து, முன்பே வாங்கியவர்களுக்கு 100 டாலர் தருவதாகச் சொன்னார். ரொக்கமாக அல்ல, ஆப்பிள் கடையிலேயே சரக்கெடுத்துக் கழித்துக்கொள்ள வேண்டும். கெட்டிக்கார வியாபாரி!

நமக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லாமல் போயிற்று. ஒரு வருஷம், பழைய வாடிக்கைக் கடைக்காரர் ஒருவருக்குக் காலையில் பத்து மூட்டை துவரம்பருப்பு போட்டோம். மாலையில் மார்க்கெட் இறங்கிவிட்டது. மறுநாள் அவருடைய பக்கத்துக் கடைக்கு இறங்கிய விலையில் சரக்குப் போனது. அவர் பில்லைக் கொண்டுவந்து நீட்டினார். “மார்க்கெட் அப்படி, அண்ணாச்சி” என்றோம். ஒரு வார்த்தை பேசாமல் பழைய பாக்கி முழுவதையும் எண்ணி வைத்துவிட்டுப் போனார். பிறகு நம் கடைப்படி ஏறவேயில்லை. அடுத்த பில்லில் பாதி வித்தியாசத்தையாவது கழித்திருக்கலாம்.