லைசென்ஸ் இருந்தா போட்ட பணம் சேஃபா? டேனிங் சலூன் சொல்லித்தரும் கணக்கு



வெயில்ல கறுத்த முகத்துக்கு நம்ம ஊர் பார்லர்ல 'டி-டேன்' பண்ணக் காசு கொடுக்கிறோம். ஆஸ்திரேலியா, இங்கிலாந்து, அமெரிக்காவுல இதுக்கு நேர் எதிர். தோலைப் பழுப்பாக்கிக்கக் காசு கொடுப்பாங்க. புற ஊதாக் கதிர் விளக்குகள் பொருத்தின படுக்கையில சில நிமிஷம் படுத்து எழுந்திருக்கணும். அந்தக் கடைக்குப் பேர்தான் டேனிங் சலூன். ஆஸ்திரேலியாவுல சோலாரியம்னு சொல்வாங்க.

இதை ஏன் இங்க பேசுறோம்? சம்பளத்துல சேர்த்த பணத்தை ஃப்ரான்சைஸிலயோ, நண்பர் ஆரம்பிக்கிற கடையிலயோ போடும்போது நாம கேட்கிற கேள்வி ஒண்ணுதான்: "லைசென்ஸ் எடுத்தாச்சா?" அந்தக் கேள்வி போதாதுங்கிறதுக்கு இந்தத் தொழிலை விட நல்ல உதாரணம் கிடைக்காது.

அனுமதியில இருந்து தடை வரை

2007-ல் மெல்போர்னைச் சேர்ந்த கிளேர் ஆலிவர், மெலனோமா என்ற தோல் புற்றுநோயால் 26 வயதில் இறந்தார். கடைசி நாட்களில் சோலாரியம் ஆபத்தைப் பற்றி ஊடகங்களில் வெளிப்படையாகப் பேசியவர். அடுத்த வருஷமே விக்டோரியா மாநில அரசு லைசென்ஸைக் கட்டாயமாக்கியது. 18 வயதுக்குக் கீழ் இருப்பவர்களுக்கும், மிக வெளிர் தோல் உள்ளவர்களுக்கும் அனுமதி இல்லை என்றது.

2009-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, இந்தக் கருவிகளைப் புகையிலை இருக்கும் அதே முதல் பிரிவில் சேர்த்தது. இளம் வயதிலேயே பயன்படுத்த ஆரம்பித்தவர்களுக்கு மெலனோமா ரிஸ்க் 75% அதிகம் என்றும் சொன்னது.

2015 பிறந்தபோது விக்டோரியா, நியூ சவுத் வேல்ஸ் உட்படப் பெரும்பாலான ஆஸ்திரேலிய மாநிலங்களில் வணிக சோலாரியம் முழுத் தடை. 2016-ல் மேற்கு ஆஸ்திரேலியாவும் சேர்ந்தது.

கவனிங்க. விக்டோரியாவில் லைசென்ஸ் முறை வந்து ஏழு வருஷத்துக்குள் தொழிலே முடிஞ்சது. விதியை மீறினவர் கடை மட்டும் மூடல. எல்லா விதியையும் ஒழுங்கா பின்பற்றினவர் கடையும் மூடினது.

தடை இல்லாத இடத்திலும் செலவு ஏறும்

அமெரிக்காவில் 2010 ஜூலை முதல் டேனிங் கட்டணத்தின் மேல் 10% தனி வரி. கலிஃபோர்னியாவில் 2012 முதல் 18 வயதுக்குக் கீழ் தடை. இங்கிலாந்து, வேல்ஸில் 2011 முதல் அதே தடை. லண்டனில் உள்ளூர் கவுன்சிலிடம் 'ஸ்பெஷல் ட்ரீட்மென்ட்' லைசென்ஸ் வாங்கணும். கட்டணமும் நிபந்தனையும் கவுன்சிலுக்குக் கவுன்சில் மாறும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, தானா அணையும் டைமர் எல்லாம் தனி.

விதிகள் நியாயமானவைதான், உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். ஆனா ஒவ்வொரு விதியும் ஒண்ணு செலவைக் கூட்டும், இல்ல கஸ்டமரைக் குறைக்கும்.

கணக்கு போட்டுப் பார்ப்போம்

ஒரு கற்பனைக் கணக்கு. மெஷின் விலை ரூ.12 லட்சம். 8 வருஷம் ஓடும். தேய்மானத்துக்கு முன்னாடி வருஷ லாபம் ரூ.3 லட்சம்.

- 8 வருஷமும் ஓடினா: தேய்மானம் வருஷத்துக்கு ரூ.1.5 லட்சம். மீதி லாபம் ரூ.1.5 லட்சம்.
- 3 வருஷத்துல தடை வந்தா: தேய்மானம் ரூ.4 லட்சம். வருஷத்துக்கு ரூ.1 லட்சம் நஷ்டம்.

மெஷின் அதேதான், கஸ்டமரும் அதேதான். மாறினது சட்டம் மட்டும். அதனாலதான் ஒரு சொத்தின் ஆயுளைக் கணிக்கும்போது சட்டக் கட்டுப்பாடுகளையும் பார்க்கணும்னு நம்ம கணக்கியல் தரம் 'இண்ட் ஏஎஸ் 16' சொல்லுது.

பணம் போடும் முன் மூணு கேள்வி

1. லைசென்ஸ் எத்தனை நாளைக்கு? யார் கொடுக்கிறாங்க, எந்தக் காரணத்துக்காகப் புதுப்பிக்க மறுக்கலாம்னு எழுத்துல படிங்க.
2. மெஷினுக்கு வேற உபயோகம் இருக்கா? டீக்கடை மூடினா ஃப்ரிட்ஜை விற்கலாம். டேனிங் படுக்கைக்குத் தடை வந்தா, விற்க நினைக்கிறவங்க மட்டும்தான் இருப்பாங்க.
3. கடை மூடினாலும் எது நிற்காது? வாடகை ஒப்பந்தம், லோன் இஎம்ஐ. சாதாரண பார்ட்னர்ஷிப்னா 1932 சட்டப்படி ஃபர்மோட கடனுக்கு உங்க சொந்தச் சொத்தும் பொறுப்பு. எல்எல்பியோ கம்பெனியோ, பர்சனல் கேரண்டி கையெழுத்துப் போட்டிருந்தா அதே கதைதான்.

இது வெளிநாட்டுக் கதைன்னு விட்டுடாதீங்க. 2019 செப்டம்பர்ல நம்ம நாட்டுல இ-சிகரெட் விற்பனைக்கு ஒரே அவசரச் சட்டத்துல தடை வந்தது. ஸ்டாக்கை வாங்கி அடுக்கி வச்சிருந்தவங்களுக்கு அதை விற்க வழியே இல்லாம போச்சு.

லைசென்ஸ்ங்கிறது இன்னைக்குத் தொழில் பண்ணலாம்ங்கிற அனுமதி. போட்ட பணம் திரும்பி வரும்ங்கிறதுக்கு அது உத்தரவாதம் இல்ல. அடுத்த தடவை நண்பர் ஒரு பிசினஸ் பிளானோட வந்தா, லாபம் எவ்வளவுன்னு கேட்கிறதுக்கு முன்னாடி இந்த மூணு கேள்வியையும் கேளுங்க. பதில் தெளிவா வரலைன்னா, செக் புக்கை உள்ளேயே வைங்க.